பில் விதர்ஸிடம் ஃபங்க் தேடுபவர்களுக்கு

எழுபதுகளில் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸைப் பற்றி வந்த கேள்வியைச் சுருக்கமாக இங்கே வைத்துவிடுகிறேன்: "பில் விதர்ஸ் பாட்டுகளிலேயே ஃபங்க் அதிகம் உள்ளது எது? நண்பர்களுக்குள் ஒருவர் ‘யூஸ் மீ’ என்கிறார். இன்னொருவர் ‘கிஸ்ஸிங் மை லவ்’ என்கிறார். மூன்றாமவர், அவரிடம் ஃபங்கே கிடையாது, கிடாரை மடியில் வைத்துக்கொண்டு பாடும் மெல்லிசைக்காரர் அவர் என்கிறார். யார் சொல்வது சரி?"

என் ஓட்டு ‘யூஸ் மீ’க்கு, அதுவும் 1972இல் வந்த ஸ்டூடியோ பதிவுக்கு. ஆனால் அதற்கு எல்லோரும் சொல்கிற காரணம் வேறு, என் காரணம் வேறு. மூன்றாமவரையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாமவரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1974 செப்டம்பரில், காங்கோவின் கின்ஷாசா நகரில் மூன்று நாள் இசை விழா ஒன்று நடந்தது. முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதவிருந்த குத்துச்சண்டையை ஒட்டி ஏற்பாடான விழா. ஃபங்க் இசைக்குப் பேர்போன ஜேம்ஸ் பிரவுன் தன் முழுப் படையோடு வந்து ஆடிப் பாடிய அதே விழாவில், விதர்ஸ் உட்கார்ந்தபடி, துணைக்கு ஒரு கிடாரை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஹோப் ஷீ வில் பி ஹாப்பியர்’ என்ற சோகப் பாட்டைப் பாடினார். படமாக்கப்பட்ட அந்தக் காட்சி இன்றும் கிடைக்கிறது. அதை மட்டும் பார்த்தவரிடம் போய் ‘இவர் ஃபங்க் பாடகர்’ என்றால் சிரிக்கத்தான் செய்வார். ஊரறிந்த அவருடைய பாட்டுகளும் அப்படித்தான்: ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’, ‘லீன் ஆன் மீ’, ‘லவ்லி டே’, ‘ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்’. கல்யாண வீட்டிலும் போடலாம், துக்க வீட்டிலும் போடலாம்.

சரி, ஃபங்க் என்றால் என்ன என்று முதலில் ஒத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் இந்தச் சண்டை தீரவே தீராது. சத்தமாக இருப்பது, பித்தளைக் குழல்கள் முழங்குவது, பாடகர் நடுநடுவே கத்துவது, இதெல்லாம் ஃபங்க் என்று நினைத்தால் விதர்ஸ் தேர்வெழுதும் முன்பே தோற்றுவிடுவார். ஆனால் ஃபங்க் இருப்பது தாளத்துக்குள்ளே. ஒரு சுற்றில் நான்கு அடி. ஒவ்வோர் அடிக்கும் ‘தகதிமி’ என்று நான்கு எழுத்து போட்டால் மொத்தம் 16 இடம். சாதாரணப் பாட்டில் எல்லோரும் ‘த’ மேலேயே விழுவார்கள். ஃபங்கில் பேஸ் (அடிக்குரல் கிடார்) ஒரு இடத்தில் விழும், கிடார் வேறு இடத்தில் வெட்டும், சாவிப்பலகை (கீபோர்டு) இன்னொரு இடத்தில் நுழைந்து சட்டென்று வெளியே வரும். யாரும் யார் இடத்திலும் உட்காரமாட்டார்கள். 16 இடத்தில் எதையெல்லாம் காலியாக விடுகிறார்கள் என்பதில்தான் உடம்பு ஆடுகிறது. ஜேம்ஸ் பிரவுன் இதை முதல் அடியை ஓங்கி அடித்துச் செய்தார். விதர்ஸ் கூட்டம் இதே வேலையை மெதுவாக, நான்கைந்து கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் செய்தது.

அந்தத் தாளம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரே ஒரு பாட்டில் பதில் வைத்திருக்கிறார். மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற சிறிய நிலக்கரிச் சுரங்க ஊரில் 1938இல் பிறந்தவர். 13 வயதில் அப்பாவை இழந்தார். திக்குவாய். 1971இல் வந்த முதல் ஆல்பத்தில் உள்ள ‘கிராண்ட்மாஸ் ஹாண்ட்ஸ்’ பாட்டியின் கைகளைப் பற்றியது. அந்தக் கைகள் செய்ததாக அவர் முதலில் சொல்வதே, ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்தில் தட்டியதைத்தான். பாட்டு இரண்டே நிமிடம். காலைத் தரையில் தட்டுவது போன்ற ஒரு தாளம், கிடாரில் ஒரு வாக்கியம், மேலே அவருடைய முனகல். நடன அரங்குக்கான பாட்டே இல்லை. ஆனால் 25 வருடம் கழித்து, 1996இல், பிளாக்ஸ்ட்ரீட் குழு அந்தத் தொடக்கத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன்மேல் ‘நோ டிகிட்டி’யைக் கட்டியது. அமெரிக்காவில் முதலிடம். திரும்பத் திரும்ப ஓடவிட்டாலே இடுப்பு அசைகிறது என்றால் அந்த அசைவு ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஆக, தேவாலயத்துக் கைத்தட்டு. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

முதல் ஆல்பம் ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’. தயாரித்தவர் புக்கர் டி. ஜோன்ஸ். அவருடைய மெம்ஃபிஸ் சகாக்கள் டக் டன்னும் அல் ஜாக்சனும் வாசித்திருக்கிறார்கள். கிடாருக்கு ஸ்டீஃபன் ஸ்டில்ஸ். ஒன்பது வருடம் கடற்படையில் இருந்துவிட்டு, விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 32 வயதுக்காரருக்கு இப்படி ஒரு கூட்டம் வாய்த்தது பெரிய அதிர்ஷ்டம். அட்டைப் படத்தில் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாரே, அது அந்தத் தொழிற்சாலையில் மதிய இடைவேளையில் எடுத்த படம்.

இந்த ஆல்பத்தில் ஃபங்க் பக்கம் சாய்வது ‘ஹார்லெம்’. முதலில் இசைத்தட்டின் முன்பக்கத்தில் வந்தது இதுதான். ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ பின்பக்கம். வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள், சரித்திரமும் திரும்பிக்கொண்டது. ‘ஹார்லெம்’ பாட்டில் கோடை இரவில் புழுக்கம் தாங்காமல் தூக்கம் வராது. குளிர்கால இரவில் வெப்பக்குழாய் சூடேறாது, வீட்டுக்காரனுக்கோ இவன் விறைத்துச் செத்தாலும் கவலையில்லை. அப்புறம் சனி இரவு, ஞாயிறு காலை, சாமியாரைப் புனித பூமிக்கு அனுப்ப நன்கொடை கேட்டு வரும் ஒரு கூட்டம். ஒவ்வொரு கண்ணிக்கும் சுருதி ஒரு படி ஏறிக்கொண்டே போகும். ஓட்டமும் சூடும் இதில் உண்டு. ஆனால் அந்தக் காலியிடம் இன்னும் வரவில்லை.

அது வந்தது இரண்டாவது ஆல்பத்தில். லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் சார்ல்ஸ் ரைட் நடத்திய ஒரு குழு இருந்தது, பெயரே நீளம்: வாட்ஸ் 103ஆம் தெரு ரிதம் பாண்ட். 1970இல் ‘எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்’ கொடுத்தவர்கள். அதிலிருந்த நான்கு பேர் விதர்ஸோடு சேர்ந்தார்கள். டிரம்ஸுக்கு ஜேம்ஸ் கேட்சன், பேஸுக்கு மெல்வின் டன்லப், சாவிப்பலகைக்கு ரே ஜாக்சன், கிடாருக்கு பெனோர்ஸ் பிளாக்மன். 1972இல் வந்த ‘ஸ்டில் பில்’ ஆல்பம் இவர்கள் ஐவரும் உட்கார்ந்து உருவாக்கியது. பாடகருக்குப் பின்னால் வாடகைக்கு வாசித்த மாதிரி எங்கேயும் கேட்காது. ஒரே வீட்டில் வளர்ந்த ஐந்து பேர் அடுக்களையில் நின்று பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை இன்னொருவர் குறுக்கே பேசமாட்டார்.

கேட்சனைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் தெரியாவிட்டாலும் அவர் கை உங்களுக்குத் தெரியும். குளோரியா கேனரின் ‘ஐ வில் சர்வைவ்’, மார்வின் கேயின் ‘ஐ வான்ட் யூ’, டயானா ராஸின் ‘லவ் ஹாங்ஓவர்’, ஜாக்சன் 5 குழுவின் ‘டான்சிங் மெஷின்’, இதிலெல்லாம் டிரம்ஸ் அவர்தான். எழுபதுகளின் நடன அரங்குகளை ஓட்டிய கை என்றே சொல்லலாம். அப்படிப்பட்டவர் விதர்ஸிடம் வந்து என்ன செய்தார்? அடக்கி வாசித்தார்.

இப்போது ‘யூஸ் மீ’. இதைச் சொல்கிற எல்லோரும் ரே ஜாக்சனின் கிளாவினெட்டைத்தான் காட்டுவார்கள். தப்பில்லை. கிளாவினெட் பார்க்கச் சின்னப் பியானோ மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே ரப்பர் முனை தந்தியை அழுத்தி அடிக்கும், மின்கிடார் மாதிரி அந்த அதிர்வை எடுத்துத் தரும். அதனால் அதில் வருவது பியானோவின் இழைவு இல்லை, ‘டுக் டுக்’ என்ற ஒரு குத்தல். ஸ்டீவி வொண்டரின் ‘சூப்பர்ஸ்டிஷன்’ வந்த பிறகு உலகமே இந்தச் சத்தத்தை அவர் பெயரில் எழுதிவைத்துவிட்டது. ஆனால் ‘யூஸ் மீ’ அதற்கு ஓரிரு மாதம் முன்னதாகவே வந்து, 1972 அக்டோபரில் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியிருந்தது. பின்னாளில், 2015இல், விதர்ஸை ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்துக்கு மேடையேற்றி வரவேற்றவரும் அதே ஸ்டீவி வொண்டர்தான் என்பது அழகான பொருத்தம்.

ஆனால் என் காரணம் கிளாவினெட் இல்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு தடவை கிளாவினெட்டைக் கவனிக்காமல் கேளுங்கள். கஷ்டம்தான், முடியும். கேட்சனின் ஹை-ஹாட் (டிரம்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரட்டைத் தட்டு) மட்டும் காதில் விழட்டும். சிறுவயதில் மிருதங்கம் கற்ற நண்பர் ஒருவருக்கு நான் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியபோது, அவர் ஒன்றும் பேசாமல் மேசை விளிம்பில் விரல் நுனியால் ‘தகதிமி தகதிமி’ என்று தட்ட ஆரம்பித்தார். ஹை-ஹாட்டோடு ஒட்டிக்கொண்டது. அரை நிமிடம் கழித்து அவர் சொன்னது: "இவ்வளவு மெதுவான காலத்துல இவ்வளவு சின்ன எழுத்து. ஆனா எதுவும் கூட்டமா இல்ல பாருங்க." அவ்வளவுதான் விஷயம். நிமிடத்துக்கு 80 அடிகூட வராத காலப்பிரமாணம். அதற்குள் 16 எழுத்தும் மெலிசாக ஓடிக்கொண்டே இருக்கிறது, ஊசித் தையல் மாதிரி. அந்தத் தையலின்மேல் மற்றவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூ வைக்கிறார்கள். டன்லப்பின் பேஸ் கிளாவினெட் சொன்னதைத் திரும்பச் சொல்வதில்லை, அது மூச்சு வாங்கும் இடத்தில் உள்ளே வருகிறது.

இத்தனைக்கும் மேலே அந்தக் குரல். பாட்டின் கதை எளியது. ஒரு பெண் இவனைப் பயன்படுத்திக்கொள்கிறாள். நண்பர்கள் வந்து புத்தி சொல்கிறார்கள், அண்ணன் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிறான். இவனுக்கும் எல்லாம் தெரியும். தெரிந்தே, தீர்ந்துபோகிறவரை பயன்படுத்திக்கொள் என்கிறான். வேறொரு பாடகர் கையில் இது கெஞ்சலாகவோ வீராப்பாகவோ மாறியிருக்கும். விதர்ஸ் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்கிற மாதிரி, வாக்கியத்தை அடியின்மேல் வைக்காமல் சற்றே பின்னால் இழுத்து வைக்கிறார். கருவிகள் நேரத்துக்கு வந்துவிடுகின்றன, குரல் மட்டும் அவசரமில்லாமல் வருகிறது. இந்தச் சின்ன இழுவையில்தான் பாட்டின் குறும்பு முழுவதும். தன்னை ஏமாற்றுகிறாள் என்று தெரிந்தும் ரசித்துக்கொண்டிருப்பவன் பேச்சு அப்படித்தானே இருக்கும்? சொல்லும் தாளமும் ஒரே ஆள் மாதிரி நடந்துகொள்ளும் பாட்டுகள் அவரிடமே இன்னொன்றிரண்டுதான் இருக்கின்றன.

அந்த இன்னொன்று, ‘ஹூ இஸ் ஹி’. முழுத் தலைப்பு ‘அவன் யார், அவன் உனக்கு என்ன வேண்டும்’ என்று போகும். இதே ஆல்பத்தில் ‘யூஸ் மீ’க்கு முந்தைய பாட்டு. கணவனும் மனைவியும் தெருவில் நடக்கிறார்கள். எதிரே வரும் ஒருவன் கணவனை முறைத்துப் பார்க்கிறான், கணவன் திரும்பி மனைவியைப் பார்த்தால் அவள் கண்ணைத் தரைக்குத் தாழ்த்திக்கொள்கிறாள். அந்த ஒரு பார்வைதான் முழுப் பாட்டும். பேஸும் கிடாரும் சேர்ந்து ஒரே வாக்கியத்தை வாசிக்கின்றன: அடிக்குரலில், பாதி சொல்லிவிட்டு நிறுத்தி, கொஞ்சம் காத்திருந்து, மீதியைச் சொல்லும் ஒரு வாக்கியம். சந்தேகப்படுகிறவன் மனசு இப்படித்தான் ஓடும், ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி. அந்தச் சுழற்சி கடைசிவரை விடுவதேயில்லை, பதிலும் வருவதில்லை. குவென்டின் டரன்டினோ ‘ஜாக்கி பிரவுன்’ படத்துக்கு இதை எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. பின்னால் பலர் பாடியிருக்கிறார்கள். 1996இல் மிஷெல் எண்டெகியோசெல்லோ பாடியது அவற்றில் எனக்குப் பிடித்தது. பெண் குரலில் கேள்வியின் திசையே மாறிவிடுகிறது, பேஸோ அவருடைய சொந்த வீடு.

நேர்மையாகச் சொன்னால், ‘யூஸ் மீ’யா ‘ஹூ இஸ் ஹி’யா என்பதுதான் எனக்கு உண்மையான போட்டி. மழை பெய்யும் இரவில் கேட்டால் ஓட்டை மாற்றிப் போட்டுவிடுவேன். இருந்தும் ‘ஹூ இஸ் ஹி’யில் பின்னணி வயலின்கள் உண்டு. நன்றாகவே இருக்கின்றன, பதற்றத்தைக் கூட்டுகின்றன. ஆனால் காலியாக இருக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் துணி விரித்த மாதிரி ஆகிவிடுகிறது. ‘யூஸ் மீ’யில் அந்தத் துணியும் இல்லை.

இப்போது இரண்டாம் நண்பரின் ‘கிஸ்ஸிங் மை லவ்’. ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் இதில்தான் தொடங்குகிறது. தொடக்கத்தில் டிரம்ஸ் மட்டும். அந்தச் சில நொடிகளை வைத்து ஓட்டுப் போடச் சொன்னால் நான் ஒன்றும் யோசிக்காமல் இதற்குப் போட்டுவிடுவேன். ஹை-ஹாட் படபடவென்று ஓடுகிறது, காலால் இடிக்கும் பாஸ் டிரம் எதிர்பாராத இடத்தில் இரட்டையாக இடிக்கிறது, ஸ்னேர் டிரம் மட்டும் ஊர்ப் பெரியவர் மாதிரி இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஹிப்ஹாப் தயாரிப்பாளர்கள் இதை வெட்டி எடுத்துத் தங்கள் பாட்டுகளில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் எளியது: பாடகர் இல்லாமல், பேஸ் இல்லாமல், டிரம்ஸ் மட்டுமே முழுப் பாட்டாக நிற்கிறது. பிறகு கிடார், ஒலியை ‘வா-வா’ என்று வளைக்கும் வா-வா பெடலை மிதித்துக்கொண்டு உள்ளே வருகிறது. ஆட வேண்டும் என்றால் இதுதான் பாட்டு, அதில் தகராறு இல்லை.

அப்புறம் ஏன் இதற்கு முதலிடம் இல்லை? விதர்ஸ் இதில் கொஞ்சம் விருந்தாளி மாதிரி இருக்கிறார். காதலியை முத்தமிடுவதில் உலகமே மறந்துபோகிறது என்கிற மகிழ்ச்சியான பாட்டு, சிக்கல் எதுவும் இல்லை. குழு ஓடுகிறது, அவர் அதன்மேல் ஏறிச் சவாரி செய்கிறார். பாட்டுக்காரர் பெயரை மறைத்துவிட்டுக் கேட்டால், சிறந்த ஃபங்க் பாட்டு என்று சொல்லலாம். பில் விதர்ஸின் சிறந்த ஃபங்க் பாட்டு என்று கேட்டால் அவருக்கும் அதில் பங்கு வேண்டாமா? நண்பர் ஒத்துக்கொள்ளமாட்டார், தெரியும். டிரம்ஸ் வாசிக்கிறவர்கள் யாரும் என்னோடு ஒத்துப்போனதில்லை.

அதே ஆல்பத்தை மேலோட்டமாகக் கேட்கிறவர்கள் தவறவிடுவது ‘லோன்லி டவுன், லோன்லி ஸ்ட்ரீட்’. முதல் பாட்டே இதுதான். பெரிய ஊரில் கூட்டத்துக்கு நடுவே தனியாக நிற்பவனின் புலம்பல், ஆனால் குழு அவனை நிற்கவிடாமல் தள்ளிக்கொண்டே போகிறது. பட்டியலில் நான்காவதாக இதை வைப்பேன்.

கைத்தட்டு என்று சொன்னேனே, அது முழுசாக வெளியே வருவது கார்னகி ஹாலில். 1972 அக்டோபர் 6, நியூயார்க். அதே நான்கு பேர், கூடவே தாள வாத்தியத்துக்கு டிட்ராய்ட்டைச் சேர்ந்த பாபி ஹால் என்ற பெண்மணி. அடுத்த வருடம் இரட்டை இசைத்தட்டாக வந்தது. மேற்கத்திய சாஸ்திரிய இசைக்குப் பேர்போன அந்த மண்டபத்தில் கச்சேரி தொடங்குவதே ‘யூஸ் மீ’யில்தான். ஸ்டூடியோவில் நான்கு நிமிடத்துக்கும் குறைவான பாட்டு இங்கே எட்டு நிமிடத்தைத் தாண்டுகிறது. கூட்டம் கைதட்ட ஆரம்பிக்கிறது, அதுவும் பாராட்டுக்குத் தட்டுகிற தட்டு இல்லை, இரண்டிலும் நான்கிலும் விழுகிற தேவாலயத் தட்டு. பாட்டு முடிகிறது, ஆரவாரம் அடங்கவில்லை, குழு மறுபடியும் அதே இடத்திலிருந்து எடுக்கிறது. முதல் பாட்டிலேயே மறுபடியும் பாடவைத்த கூட்டம் அது.

பலர் இந்தப் பதிவுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். இப்போது ஸ்டூடியோ பக்கம் வந்துவிட்டேன். காரணம் அந்தக் கைத்தட்டே. அது சந்தோஷமான சத்தம், ஆனால் ஸ்டூடியோவில் காலியாக விட்டிருந்த இடத்தில் 2,000 பேருக்கு மேல் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஸ்டூடியோ பதிவில் அந்தத் தட்டை நீங்கள்தான் போட வேண்டும், உங்கள் முழங்காலில். விட்டுவைத்த இடம் கேட்கிறவருக்கானது.

கார்னகியின் கடைசிப் பாட்டு மட்டும் வேறு கணக்கு. ‘ஹார்லெம்’ அங்கே ‘கோல்ட் பலோனி’ என்ற இன்னொரு பாட்டோடு இணைந்து 13 நிமிடம் ஓடுகிறது. முதல் ஆல்பத்தில் இல்லாத காலியிடம் இங்கே கிடைத்துவிடுகிறது, ஏனென்றால் இப்போது கேட்சனும் டன்லப்பும் இருக்கிறார்கள். நடுவில் கூட்டமும் பாடுகிறது. ஒரு கச்சேரி எப்படி முடிய வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைப் போட்டுக் காட்டுவது வழக்கம்.

பிந்தைய வருடங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1974 ஆல்பத்தில் ‘ரெயில்ரோட் மேன்’ ஒரு நல்ல ஓட்டம், நீங்கள் கேட்டிருக்காவிட்டால் அவசியம் தேடுங்கள். அதே ஆல்பத்தின் ‘யூ’ ஒரு ஆளை எதிரே நிற்கவைத்து மூச்சுவிடாமல் வாங்குவாங்கென்று வாங்கும் பாட்டு. விதர்ஸ் அவ்வளவு கோபமாக வேறு எங்கும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 1975இல் அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட சசெக்ஸ் நிறுவனம் மூழ்கிப்போனது, கொலம்பியாவுக்கு மாறினார். அங்கே இருந்தவர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. கறுப்பர் இசை எப்படி இருக்க வேண்டும் என்று தனக்கே பாடம் எடுக்க வந்த வெள்ளை அதிகாரிகளை ‘பிளாக்’, ‘எக்ஸ்பர்ட்’ இரண்டையும் ஒட்டி ‘பிளாக்ஸ்பர்ட்’ என்று கிண்டலாக அழைப்பார். அந்தக் காலத்துப் பாட்டுகள் மெருகு ஏறியவை. பத்தாண்டின் கடைசியில் வந்த ‘யூ காட் த ஸ்டஃப்’ நீளமான, டிஸ்கோ வாசனை உள்ள ஃபங்க். ஆடலாம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் எல்லா இடமும் நிரம்பியிருக்கிறது. 1985க்குப் பிறகு புது ஆல்பமே போடாமல் ஒதுங்கிக்கொண்டார். 2020இல் காலமானார்.

மூன்றாம் நண்பருக்கு ஒரு கடைசி வேலை கொடுக்கிறேன். அவருக்குப் பிடித்த ‘லீன் ஆன் மீ’யையே போடச் சொல்லுங்கள். 1972 ஜூலையில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. பியானோவில் விரல்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டையில் வரிசையாக ஏறி இறங்குகிற அந்தப் பிரபலமான தொடக்கத்தில் ஃபங்க் ஒன்றும் இல்லை, அது துதிப்பாட்டு. பொறுத்திருக்கச் சொல்லுங்கள். கைகொடுக்க ஆள் வேண்டுமானால் என்னைக் கூப்பிடு என்று பாட்டு திரும்பும் இடத்தில் பியானோ ஒதுங்கிக்கொள்ள, டன்லப்பின் பேஸ் நடக்க ஆரம்பிக்கிறது, மேலே கைத்தட்டு. ஸ்லாப் ஃபோர்க் பாட்டியின் அதே கை. அந்த இடத்தில் அவர் கால் அசையவில்லை என்றால் மட்டும் வாதத்தைத் தொடரட்டும்.

‘ஸ்டில் பில்’ ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ‘ஹூ இஸ் ஹி’, ‘யூஸ் மீ’, ‘லீன் ஆன் மீ’ மூன்றும் இதே வரிசையில் அடுத்தடுத்து வருகின்றன. சந்தேகம், சபலம், சகோதரத்துவம். தட்டைத் திருப்பினால் கேட்சனின் டிரம்ஸ். மூன்று நண்பர்களும் ஒன்றாக உட்கார்ந்து இந்த நான்கையும் நிறுத்தாமல் கேட்டால் 20 நிமிடம்கூட ஆகாது. ஒன்று மட்டும், ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், டன்லப் காணாமல் போய்விடுவார்.